ஆறு வயசுச் சிரிப்பு

செவ்வாய், ஆகஸ்ட் 12. ஹப்சிகுடா, ஹைதராபாத்.

காலையில் சென்னையிலிருந்து எடிட்டர் போன் செய்தாள். "ஒன்பதாம் பக்கத்துல குழந்தை சிரிக்கிறா மேடம், ஆனா கண்ணு மட்டும் ரொம்பக் களைச்சுப் போயிருக்கு." இருபது வருஷமாகக் குழந்தைகளுக்குக் கதை எழுதி, படம் வரைந்து புத்தகம் போடுகிறேன், எனக்கே பாடமா என்று எரிச்சல் வந்தது. போனை வைத்துவிட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். எந்த முகம் வரைவதென்றாலும் மேஜைக் கண்ணாடியில் நானே சிரித்து, அழுது பார்த்துத்தான் வரைவேன். ஆறு வயசுக் குழந்தைக்கு என் ஐம்பத்தெட்டு வயசுக் கண்ணை வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் பக்கத்து ஃபிளாட் ஆறு வயசு லாஸ்யாவைக் கூப்பிட்டு, "கொஞ்சம் சிரிம்மா, வரைஞ்சுக்கறேன்" என்றேன். சும்மா எப்படிச் சிரிக்கிறது ஆன்ட்டி, ஏதாவது சொல்லுங்க என்றாள் தெலுங்கில். யோசித்தேன். ஒன்றுமே தோன்றவில்லை. கதை எழுதுகிறவளாம்! பிஸ்கட் கொடுத்தேன். தின்றுவிட்டுப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அம்மா என்னவோ சொல்ல, அவள் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தேன். மேஜையைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, கேட்டுக்கொண்டே வரைந்தேன்.

கண் சரியாக வந்திருக்கிறது. காலையில் அனுப்பிவிடலாம். கண்ணாடியைத்தான் இன்னும் நிமிர்த்தி வைக்கவில்லை.