வளையாமல் ஒடிந்த ஊன்றுகோல்

என்னை இடுப்பிலேயே சுமந்து வளர்த்த செல்லத்தாயி அக்காவுக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. இங்கே பட்டாசு சீசன் தொடங்கிவிட்டது. திருத்தங்கல் நிறுத்தத்தில் காலையில் நிற்க இடமில்லை. நீ இறங்கும்போது ஊன்றுகோல் ஒடிந்து விழுந்தாயே, அந்த பஸ்ஸும் நேரத்துக்கு வந்து போகிறது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. துக்கம் என்று வீட்டில் நினைக்கிறார்கள். துக்கம் இருக்கிறதுதான், ஆனால் தட்டை ஒதுக்கவைப்பது அது இல்லை. அருவருப்பு.

பட்டாசு ஆலை வெடியில் காலை இழந்த பிறகு ஆறு வருடம் மரக்கட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தாய். போன தைமாதம் ஒரு கம்பெனி ஆட்கள் மண்டபத்தில் மேடை போட்டு, உன்னைப் போன்றவர்களுக்கு எடை குறைந்த ஊன்றுகோல் கொடுத்தார்கள். உன் வெட்டுப்பட்ட கால் தெரியும்படி நிற்கவைத்துப் படம் பிடித்தார்கள். அன்றைக்கே எனக்கு அருவருப்பு வந்திருக்க வேண்டும். நான் கை தட்டினேன்.

வீட்டுக்கு வந்து அதைத் தூக்கிப் பார்த்தாய். "என்னலே இது, காத்தா இருக்கு. இரும்பு இல்லையா?"

"மக்னீசியக் கலவைக்கா."

"அட கோட்டிக்காரா, மருந்துல போடுற சாமானையா கையில குடுத்திருக்காக?" என்று சிரித்தாய். வெடிமருந்துக்குப் பொடி சலித்த கை உன்னுடையது, வேறென்ன கேட்பாய்? பிறகு தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய்: "எங்க தம்பி காலேசுல சோதிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதாக்கும்."

அது பொய்யில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. கைப்பிடிக்குக் கீழே பாரம் தாங்கும் இணைப்புத் துண்டுக்கான சாம்பிளை நான் வேலை பார்க்கும் பொறியியல் கல்லூரிக்குத்தான் அனுப்பியிருந்தார்கள். இழுத்துப் பார்த்தேன், வளைத்துப் பார்த்தேன். அருமையாக வளைந்தது. சான்றில் கையெழுத்துப் போட்டேன். ஊன்றுகோலில் மாட்டப்போவதும் இதே சரக்குதானா என்று ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை. யாரும் கேட்பதில்லை, அதுதான் எங்கள் வழக்கம்.

உன் காரியம் முடிந்த மறுநாள் ஒடிந்த துண்டை அறுத்து, தேய்த்து மெருகேற்றி, உள்ளமைப்பு தெரிய அமிலத்தில் தொட்டு எடுத்தேன். மைக்ராஸ்கோப்பே வேண்டியிருக்கவில்லை. உலோகமும் உள்ளே மணிமணியாகத்தான் இருக்கும் அக்கா. இதில் ஒவ்வொரு மணியும் நொய்யரிசி மாதிரி வெறும் கண்ணுக்கே தெரிந்தது. எனக்கு வந்த சாம்பிளில் மணிகள் மாவைவிடச் சன்னம்.

உனக்கு இது ஒரு நொடியில் புரியும். ஒரே பொடிதான், சன்னமாகச் சலித்தால் ஒரு மாதிரி எரியும், குருணையாக விட்டால் வேறு மாதிரி எரியும் என்பாயே. இங்கேயும் பொருள் ஒன்றுதான், மணிதான் வேறு. மக்னீசியம் பிடிவாதம் பிடித்த உலோகம். சாதாரணச் சூட்டில் அதன் அணுக்கள் சில திசைகளில்தான் நழுவும். மணி சிறிதாக இருந்தால் நழுவல் நெடுந்தூரம் ஓடாது, அடுத்த மணியின் எல்லை தடுத்துவிடும். அதனால் பலம். பாரத்தைப் பக்கத்து மணிகள் பங்குபோட்டுக்கொள்வதால் வளையவும் செய்யும். மணி பெரிதானால் நழுவல் தடையில்லாமல் ஓடி எல்லையில் போய்க் குவியும். அங்கேயே விரிசல் விழும்.

சாம்பிளைச் சூடாக்கி, முறுக்கு பிழிவதுபோல அச்சுத் துளையில் பிதுக்கி எடுத்திருக்கிறார்கள். அதில் மணிகள் நொறுங்கிச் சன்னமாகும். மேடைக்கு நாள் நெருங்கியதும் ஆர்டரை அவசரமாக முடிக்க, ஊன்றுகோலுக்கான துண்டுகளை உருக்கி அச்சில் ஊற்றி ஆறவிட்டுவிட்டார்கள். மெதுவாக ஆறினால் மணிகள் சாவகாசமாகப் பருக்கும். வெளியே பளபளவென்று பூச்சு.

நல்ல துண்டாக இருந்தால் ஒடியுமுன் கொஞ்சம் வளைந்திருக்கும். கை உணர்ந்திருக்கும். பஸ் கம்பியைப் பிடித்திருப்பாய். அந்த ஒரு வளைவைக்கூட உனக்குக் கொடுக்கவில்லையே அக்கா.

அறுத்த துண்டைத் துறைத் தலைவரின் அறைக்குக் கொண்டுபோனேன். கம்பெனி ஆள் அங்கே காப்பி குடித்துக்கொண்டிருந்தான். "சாம்பிளுக்குத்தான தம்பி கையெழுத்துப் போட்டீக, சரக்குக்கா போட்டீக? ஒங்க மேல தப்பே இல்ல" என்றான். துறைத் தலைவர் என் முகத்தைப் பார்க்காமல், "அந்தம்மா தப்பா ஊன்றியிருக்காங்கன்னு எழுதிக் குடுத்துருங்க. எல்லாருக்கும் நல்லது" என்றார். செத்தவள் என் அக்கா என்று தெரிந்தும் சொன்னார். எனக்கும் ஒரு காப்பி வந்தது. பாதி குடித்துவிட்டேன் அக்கா. அந்த ருசி இன்னும் வாயில் இருக்கிறது, எத்தனை முறை கொப்பளித்தும் போகவில்லை.

அன்றைக்கே அச்சங்குளம் போனேன். உன்னோடு பொடி சலிக்கும் அறையில் வேலை பார்த்து, அதே வெடியில் காலை இழந்த பஞ்சவர்ணம் மதினிக்கும் அதே ஊன்றுகோல்தானே. திருப்பிக் கேட்டால் மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இது இல்லாம நான் கக்கூசுக்குக்கூடப் போக முடியாது தம்பி. அம்புட்டு லேசு. அதோட நீங்க சோதிச்சுப் பார்த்ததுதான? ஒங்க அக்கா சொல்லித்தான நானே வாங்கினேன்?"

பரணில் கிடந்த உன் மரக்கட்டையை எடுத்துப்போயிருந்தேன். அதைக் கொடுத்து, "நான் சோதிச்சது வேற துண்டு மதினி. கேக்காமக் கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றேன். மதினி என்னை வையவில்லை. ஊன்றுகோலை நீட்டிவிட்டு மரக்கட்டையை வாங்கிக்கொண்டார்.

வாங்கியவர்கள் இன்னும் ஊரூராக இருக்கிறார்கள். இப்போது யாரோ ஒருவர் அதை ஊன்றிப் படியிறங்கிக்கொண்டிருப்பார்.

திங்கட்கிழமை விருதுநகரில் கலெக்டர் மனு வாங்குகிறார். அறுத்த துண்டும் அதன் மணிகளைப் பிடித்த படங்களும் தயார். மனுவில் கம்பெனியைப் பற்றி இரண்டாவது பத்தியில்தான் எழுதியிருக்கிறேன். முதல் பத்தி, நான் கொடுத்த சான்றைத் திரும்பப் பெறுகிறேன் என்பது. வேலை போகும் என்கிறார்கள். போகும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

கடைசி ஊன்றுகோலும் திரும்பி வரும்வரை உன் படத்துக்கு மாலை போட மாட்டேன் அக்கா. அதுவரைக்கும் அந்த உரிமை எனக்கு இல்லை.

இப்படிக்கு,
உன் ஊன்றுகோலுக்குக் கையெழுத்துப் போட்ட தம்பி,
கருப்பசாமி