களை வரிசையில் நடு இடம்

காலையிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்து நடந்து, கடைசியில் நாற்காலி போட்டு ஏறிப் பரணிலிருந்த பழைய கோப்பை இறக்கினேன். நாம் இரண்டு பேரும் மேலாண்மைப் படிப்புத் தேர்வுக்குச் சென்னை போனபோது நான் கொண்டுபோன நீலக் கோப்பு. உதறினேன். பாதிக் கடுக்காய் ஒன்று தரையில் விழுந்து கட்டிலுக்கடியில் உருண்டது.

தேர்வு அரங்கின் வாசலில் நீ கல்லில் தட்டி உடைத்துக் கொடுத்தது. "வாயில ஒதுக்கிக்கடி, தொண்ட கட்டாது" என்றாய். உன் பாதியை நீ வாயில் போட்டுக்கொண்டாய். நான் பதற்றத்தில் கோப்புக்குள் போட்டேன். நீ போய் நான்கு வருடமாகிறது. இது அதற்கும் முன்னாலிருந்து என்னிடம் இருக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் உன் தங்கை மலர் போன் செய்தாள். நீ மஞ்சள் காமாலையில் போன பிறகு, நீ தொடங்கிய சாமை கொள்முதல் நிலையத்தை வெள்ளிமலையில் அவள்தான் நடத்துகிறாள். இப்போது நான் படித்த அதே கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். அவள் எழுதிய கட்டுரை, கல்லூரியின் இணையதளத்திலேயே உள்ள ஒரு மாதிரிக் கட்டுரையோடு ஒத்துப்போகிறதாம். மூன்று நாளில் விளக்கம் தராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி.

"யாரோ எங்க வூட்டுக் கதைய அப்படியே எழுதிக்கிறாங்கக்கா. பேரு போடல. நான் அதப் பாக்கவே இல்லீங்க" என்றாள்.

யாரோ இல்லை, நான்தான். அவளுக்கு அது தெரியாது. பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உனக்கு நினைவிருக்கும். நீ முதல் பஸ்ஸில் மலையிறங்கி வருவாய். கள்ளக்குறிச்சி நூலகத்தில் இரண்டு பேருக்கும் ஒரே புத்தகம். கணக்கில் நான் மக்கு. நீ மூன்று தரம் போட்டுக் காட்டுவாய், நாலாவது தரம் தலையில் குட்டுவாய். ஆங்கிலத்தில் நான் உன்னைக் குட்டுவேன். சென்னைக்குப் போன அன்று, உளுந்தூர்பேட்டை தாண்டியதும் பேச்சுவாக்கில் உங்கள் ஊர்க் களையெடுப்பைச் சொன்னாய். ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டு வயலில் ஊரே இறங்கும். அந்தந்த வருடம் சாவு விழுந்த வீட்டு வயலுக்குத்தான் முதல் நாள். வரிசை நிற்கும்போது, கை மெதுவான ஆளை நடுவில் நிறுத்துவார் உன் அம்மா.

"ஓரத்துல வுட்டா அவங்க தனியாப் பூடுவாங்க. நடுவுல நின்னா ரெண்டு பக்கத்துக் கையும் நீளும்" என்று அம்மா சொல்வாராம். சொல்லிவிட்டு நீ ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிப்போனாய்.

அரங்கில் கட்டுரைக்குக் கொடுத்த தலைப்பு, 'நீங்கள் நேரில் கண்ட தலைமை'. அரை மணி நேரம். பக்கத்து மேஜையில் நீ குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாய். எனக்கு ஒன்றும் வரவில்லை. கடிகாரம் ஓடியது. உன் அம்மாவை எடுத்து என் அம்மா என்று எழுதினேன். அவர் இடது கையில் களைக்கொட்டு பட்ட தழும்பைக்கூட விடவில்லை. வெளியே வந்ததும் நீ என்ன எழுதினாய் என்று கேட்டேன். பயிற்சிக் குறிப்பில் இருந்த கார் கம்பெனி முதலாளியைப் பற்றி எழுதினாயாம். "இவங்ககிட்ட போயி சாமக் காட்டயா சொல்றது?" என்று சிரித்தாய். என்னைக் கேட்டபோது, வாய்க்கு வந்ததை எழுதினேன் என்றேன்.

எனக்கு இடம் கிடைத்தது, உனக்கு இல்லை. மறு வருடம் எழுதச் சொன்னேன், நீ மாட்டேன் என்றாய். கல்லூரி என் கட்டுரையை இணையதளத்தில் போட்டபோது நீயே தேடிப் படித்துவிட்டு அழைத்தாய். "நல்லாத்தான்டி எழுதிக்கிற. ஆனா தழும்பு எங்கம்மா கையிலதான கீது?" அதோடு பேச்சை மாற்றி மழையைப் பற்றிப் பேசினாய். நானும் மழையைப் பற்றியே பேசினேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அதுதான், கேட்கவில்லை. அடுத்த தரம் நேரில் கேட்கலாம் என்று தள்ளித் தள்ளிப் போட்டேன்.

இப்போது விண்ணப்பிப்பது நம் காலம் போல இல்லை. கட்டுரையை வீட்டிலிருந்தே எழுதி அனுப்புகிறார்கள், பாதிப் பேருக்குக் கணினியே எழுதிக் கொடுக்கிறது. அதைப் பிடிக்க அங்கே இன்னொரு கணினி. மதிப்பெண் மட்டும் போதாதாம், வாழ்ந்த வாழ்க்கை வேண்டுமாம், கேமராவைப் பார்த்துப் பேசி அனுப்ப வேண்டுமாம். பொறியியல் படித்தவர்களையே பார்த்துச் சலித்துவிட்டதோ என்னவோ, மலையில் சாமை வாங்கி விற்கும் பெண் என்றால் நிமிர்ந்து உட்காருகிறார்கள். நீ சொல்லக் கூச்சப்பட்டதைத்தான் இவர்கள் தேடுகிறார்கள். அதைச் சொன்ன உன் தங்கைக்குத் திருடிப் பட்டம். எனக்கு வருகிற ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது? என் மேல்தான்.

பத்து மணிக்கு மலரை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நிலையத்தில் யாரோ மூட்டை தைக்கும் சத்தம் கேட்டது.

"எங்கக்காவுக்குத் தெரியுங்களா?"

தெரியும் என்றேன்.

"அப்ப நீங்களே காலேஜுக்கு எழுதிடுங்க. எங்கம்மா பேரு போட்டு எழுதுங்க."

எழுத உட்கார்ந்தேன். அந்தக் கட்டுரையில் வருகிறவர் என் தாய் அல்ல என்று முதல் வரி வந்தது. இரண்டாவது வரியில் கை நின்றுவிட்டது. அந்தத் தழும்பு எந்த விரலுக்குக் கீழே என்று தெரியும், உன் அம்மாவின் பெயர் தெரியாது. உன்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. மறுபடி மலரை அழைத்தேன். "எங்கம்மா பேரு சின்னப்பொண்ணுங்க" என்றாள். குரலில் கோபம் இருந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

கடிதம் போய்விட்டது. பதில் இன்னும் வரவில்லை. என் பட்டத்தை என்ன செய்வார்களோ, அது அவர்கள் பாடு. மலருக்கு இடம் போகக் கூடாது. கடுக்காயைக் கழுவி வாயில் ஒதுக்கிக்கொண்டு மறுபடி கூடத்தில் நடக்கிறேன். நாக்கெல்லாம் துவர்க்கிறது. ஒன்பது வருடம் உன் அம்மாவை என் அம்மா என்று சொல்லித் திரிந்திருக்கிறேன். அவர் பெயர் எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.