கரி படியாத விரிப்புகள்

பெலிக்கன் விரிகுடா, ஜமைக்கா
12 மார்ச் 2018

மதிப்பிற்குரிய மிஸ் இசில்டா அவர்களுக்கு,

தாங்கள் கூலிக்குத் துவைத்து உலர்த்தும் துணிகளில் எங்கள் மின்நிலையக் கரி விழுவதாக எழுதிய நாற்பத்தோராவது புகார் கிடைத்தது. பதிலாக மூன்று குறிப்புகள்:

1. கரி ஏன் விழுகிறது
2. எப்போது நிற்கும்
3. நின்றபின் நம் இருவர் நிலை

முதலாவது: எங்களிடம் இருப்பது கெட்டி எண்ணெய் ஒன்றே, எரித்தால் கரி வரும். இரண்டாவது: அடுத்த ஆண்டு, குளிரவைத்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு கப்பலில் வரும். வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும்கூட மின்சாரம் எடுப்பார்களாம். புயலில் எண்ணெய்க் கப்பல் தாமதித்தால் தீவே இருண்டுவிடும் என்ற பயம் குறையும். நான் புகார்ப் பிரிவு எழுத்தர்தான், தெரிந்தது இவ்வளவே. மூன்றாவது: அதன்பின் தாங்கள் எனக்கு எழுத வேண்டியிராது. அது இருவருக்கும் நிம்மதி.

பணிவுடன்,
எக்பர்ட் பின்னக்


கடற்கரைச் சந்து
20 மார்ச் 2018

மாஸ் எக்பர்ட் ஐயா,

நிம்மதியாமில்ல! பாஸ்டரோட வெள்ளை அங்கியைக் கொடியில போட்டேன். ஞாயித்துக்கிழமை, அங்கிக்கே அம்மை போட்டிருக்குன்னு சபையே சிரிச்சுது. மானம் போனது எனக்கு. கேஸ் வரும், கேஸ் வரும்னு போன வருஷமும் இதத்தான எழுதினீங்க?

சாட்சிக்குக் கரி பட்ட கைக்குட்டை ஒண்ணு இந்தக் கடிதத்தோட வச்சிருக்கேன். நீங்களே துவைச்சு அனுப்புங்க. என் முதுகுவலி அப்பத்தான் புரியும். அதுக்கும் வரிசை எண் போட்டுக்கிட்டு உக்காந்துராதீங்க.

நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா? மின்நிலைய வேலிக்கிட்டப் பாத்தப்ப சட்டை தொளதொளன்னு தொங்குச்சு.

இசில்டா


பெலிக்கன் விரிகுடா
7 பிப்ரவரி 2020

அன்புள்ள மிஸ் இசில்டா,

எரிவாயு வந்து எட்டு மாதம் ஆகிறது. நேற்று உங்கள் சந்து வழியாகப் போனேன். கொடியில் விரிப்புகள் பளிச்சென்று இருந்தன. நீங்கள் உள்ளே பாடிக்கொண்டிருந்தீர்கள். என்ன காரணம் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன்.

புகார்ப் பிரிவை மூடிவிட்டார்கள். ஓய்வு பெற்றபோது, எரிவாயு வரும்வரை நீங்கள் எழுதிய ஐம்பத்தேழு கடிதங்களையும் தேதிவாரியாக அடுக்கி வீட்டுக்கு எடுத்துவந்தேன். விதிப்படி சரிதானா என்று இன்னும் சந்தேகம். வேறு யாரும் எனக்குக் கடிதம் எழுதியதில்லை. நவம்பரிலும் டிசம்பரிலும் நான் எழுதியவற்றுக்குப் பதில் வரவில்லை. குறை ஒன்றும் இல்லாதபோது நீங்கள்தான் எதை எழுதுவீர்கள்?

கைக்குட்டை ஏழாவது துவைப்பில் வெளுத்தது. அனுப்பிவிட்டால் எனக்கும் எழுத ஒன்றும் மிஞ்சாது என்று வைத்திருந்தேன். இத்துடன் அனுப்புகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

பழைய குறிப்புகளை மறுபடி சரிபார்த்தேன். முதல் இரண்டும் சரி. மூன்றாவதில் நிம்மதி ‘இருவருக்கும்’ என்று எழுதியது தவறு.

எக்பர்ட்