கொசுறாக ஒரு மடக்கு

மச்சான்,

தண்ணீர் கேன் போடுகிறவர் இன்று காலை வந்தார். பழைய கேனைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே கீழே வைத்தார். "என்னம்மா, போன தடவை போட்டதே பாதி இருக்கு? வேற யார்கிட்டயாச்சும் வாங்குறீங்களா?" என்று கேட்டார். "இல்லங்க, நான் ஒருத்திதானே" என்றேன். நீங்கள் போனபிறகு அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் புது கேனைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். நான் கதவைச் சாத்திவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

ஷார்ஜாவில் தண்ணீர் லாரி ஓட்டியே உங்களுடைய பாதி ஆயுசு போய்விட்டது. அங்கே எல்லாம் கேலன் கணக்கு. ஊருக்கே வந்து தங்கிய பிறகும் உங்கள் வாயிலிருந்து லிட்டர் வரவில்லை. மாடியில் வைக்க ஐந்நூறு கேலன் டேங்க் என்று பிளம்பரிடம் சொன்னீர்கள். அந்த மனுஷன் ஐந்நூறை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு ஐந்நூறு லிட்டர் டேங்கைக் கொண்டுவந்து இறக்கினார். நீங்கள் கேட்டது அதைப்போல நாலரை மடங்கு. டேங்கைச் சுற்றிச் சுற்றி வந்தீர்கள். "இது டேங்கா, தொழப்போறப்ப கைகால் கழுவி ஒளூ செய்யிற செம்பா?" என்று நீங்கள் கேட்டதும் பிளம்பரே சிரித்துவிட்டார். அந்த டேங்க்தான் இன்னும் மாடியில் இருக்கிறது. எனக்கு அது தாராளமாகப் போதுகிறது.

பிறகு உங்கள் இதயம் களைத்துப்போனது. கால் வீங்கியது, படுத்தால் மூச்சு முட்டியது. தஞ்சாவூர் டாக்டர் மருந்துச் சீட்டை எழுதிவிட்டு உங்களைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "கஞ்சி, டீ, மோர் எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான். நீங்கதாம்மா கவனமா பாத்துக்கணும். கூடினா நெஞ்சுல நீர் கோத்துக்கும்." குடமுருட்டி ஆற்றில் புதுத்தண்ணீர் வந்திருந்த வாரம் அது. திரும்பி வருகிற வழியெல்லாம் வாய்க்காலும் வயலும் ததும்பிக்கொண்டிருந்தன. ஆயிரக்கணக்கான கேலனை ஊர் ஊராகக் கொண்டுபோய் ஊற்றிய நீங்கள் பஸ் ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்துக் கணக்குப் போட்டீர்கள். ஒரு லிட்டர் என்பது கால் கேலன்கூட இல்லை என்று வந்தது. "சேச்சே, இதை வெளிய சொன்னா வெட்கக்கேடு" என்றீர்கள். பைண்டில் போட்டுப் பார்த்தீர்கள், ஒன்றே முக்கால். அதிலும் மனசு ஆறவில்லை. கடைசியில் அவுன்ஸுக்குப் போனீர்கள். முப்பத்தைந்து என்று வந்ததும் உங்கள் முகம் தெளிந்துவிட்டது. "பாத்தியா புள்ள, முப்பத்தஞ்சு! ஒரு மனுஷனுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?" தண்ணீர் என்னவோ அதே தண்ணீர்தான். ஆனால் அன்று முழுக்க நீங்கள் பெரிய சொத்துக்காரரைப் போல நடந்துகொண்டீர்கள்.

அளக்க என்ன வழி என்று நான் தேடியபோது, அமெரிக்காவிலிருந்து மகள் வந்திருந்தபோது விட்டுப்போன பால்புட்டி கிடைத்தது. அதில் அவுன்ஸ் கோடு இருந்தது. பேத்தியின் புட்டியில் அளந்து அளந்து உங்கள் டம்ளரில் ஊற்றுவேன். ஒவ்வொரு தடவையும் டம்ளரை எடுக்காமல், இன்னும் கொஞ்சம் விழாதா என்று பார்ப்பீர்கள். "போதும் மச்சான்" என்பேன். ஒரு நாளில் நான் அதிகம் சொன்ன வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். "நோன்பு வச்சாகூட சாயங்காலம் மஃரிப்ல தொறந்துடலாம். இது எப்ப புள்ள தொறக்கும்?" என்று ஒருநாள் கேட்டீர்கள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

உங்கள் கண்முன்னே குடிக்க எனக்கு மனசு வராது. கொல்லைக்குப் போய்க் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவேன். அதையும் கண்டுபிடித்துவிட்டீர்கள். "இங்க உக்காந்து குடி. பாக்கிறதுக்கு டாக்டர் அளவு ஒண்ணும் சொல்லலையே" என்றீர்கள். அதற்குப் பிறகு உங்கள் எதிரிலேயே உட்கார்ந்து குடித்தேன். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். இப்போது நான் எப்போது குடித்தேன், குடித்தேனா இல்லையா என்று எனக்கே சில நாள் தெரிவதில்லை.

ஒருநாள் புட்டியைக் கழுவும்போது மறுபக்கம் மில்லி கோடும் இருப்பதைக் கவனித்தேன். கூட்டிப் பார்த்தால் முப்பத்தைந்து அவுன்ஸ் ஒரு லிட்டரைத் தாண்டியது. உங்களிடம் வந்து கேட்டபோது மாட்டிக்கொண்டவரைப் போலச் சிரித்தீர்கள். "நான் போட்டது இங்கிலாந்துக் கணக்கு, புட்டி அமெரிக்காது. அமெரிக்காக்காரன் கேலனைச் சின்னதா வச்சிக்கிட்டு அவுன்ஸை மட்டும் கொஞ்சம் பெருசா வச்சிருக்கான். மொத நாளே தெரியும். ஒரு மடக்குதான் புள்ள, கொசுறுன்னு வச்சிக்க."

அடுத்த தடவை தஞ்சாவூர் போனபோது, நீங்கள் இரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்த நேரத்தில் டாக்டரிடம் அதைச் சொன்னேன். அவரும் சிரித்தார். "ஒரு மடக்குதானேம்மா, விடுங்க. அதுக்கு மேல மட்டும் போவாதீங்க." உங்களிடம் அதை நான் சொல்லவே இல்லை. அனுமதி கிடைத்துவிட்டது என்று தெரிந்தால் திருட்டுத் தண்ணீரின் ருசி போய்விடும். தினமும் கடைசி அவுன்ஸை ஊற்றும்போது நான் வேறெங்கோ பார்ப்பேன், நீங்கள் என்னை ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில் குடிப்பீர்கள்.

அன்றைக்கு மஃரிப் முடிந்து அந்தக் கடைசி மடக்கை ஊற்றிக் கொடுத்தேன். டம்ளரை என் பக்கம் தள்ளினீர்கள். "தாகம் இல்ல. நீ குடி" என்றீர்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மருந்து வேலை செய்கிறது, மச்சானுக்குத் தாகம் அடங்கிவிட்டது என்று நினைத்தேன். உங்கள் எதிரில் உட்கார்ந்து குடித்தேன். எப்போதும்போல் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மகளுக்கும் போன் போட்டு, அத்தாவுக்குத் தேவலை என்று சொன்னேன். விடிகாலை சுபுஹுத் தொழுகைக்கு எழுப்பியபோது நீங்கள் இல்லை.

கொல்லையில் துணி கட்டி உங்களைக் குளிப்பாட்டினார்கள். நான் உள்ளே சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். குடம் குடமாக ஊற்றுகிற சத்தம் கேட்டது. தரையில் விழுந்து ஓடுகிற சத்தமும் கேட்டது. யாரும் அளக்கவில்லை. "இன்னும் ஊத்துங்க, நல்லா ஊத்துங்க" என்று யாரோ சொன்னார். போதும் மச்சான் என்று என் வாய்வரை வந்துவிட்டது.

நல்லவேளை, சொல்லவில்லை. அந்த வார்த்தை அப்படியே எனக்குள் நின்றுவிட்டது. யாரிடம் சொல்லித் தீர்ப்பேன்?