மரத்துப்போன இரண்டு விரல்

மே 14
காலையில் குளிக்கும்போது வலது கையின் சுண்டுவிரலிலும் அதற்கு அடுத்த விரலிலும் வெந்நீரின் சூடு தெரியவில்லை. கையை அடியில் போட்டுத் தூங்கியிருப்பேன். அவ்வளவுதான்.

மே 17
அவ்வளவுதான் இல்லை.
எட்டாவது இன்னிங்ஸில் மேனேஜர் ஹாலிஸ் என்னைக் கூப்பிட்டார். பதினொரு வருடமாக இந்தச் சின்ன பேஸ்பால் லீக்குகளில் இதுதான் என் வேலை. முதலில் வீசியவன் களைத்துவிட்டால் ஆட்டத்தின் கடைசியில் வந்து வீசுவது. மூன்று பேரை அவுட்டாக்கினேன். ஆனால் பந்து கையை விட்டுப் போன நொடி எனக்குத் தெரியவே இல்லை.
என் பந்துகளைப் பிடிக்கும் கேட்சர் யோர்மன் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "என்ன பெருசு, பந்து பாம்பு மாதிரி நெளியுது! எங்க கத்துக்கிட்ட?" என்றான்.
சிரித்து வைத்தேன்.

மே 18
சொன்னால்? முப்பத்தொரு வயது. இந்த இரண்டு விரலுக்கும் நரம்பு முழங்கை வழியாகத்தான் வருகிறது. முழங்கை என்று வாயைத் திறந்தால் அணியை விட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மே 23
அடுத்த ஆட்டத்துக்காக ஐயோவாவுக்குப் பஸ்ஸில் ஏழு மணி நேரம். போர்வைக்குள் விரலைக் கிள்ளிக்கொண்டே வந்தேன். வேறு எவனுடைய விரலையோ கிள்ளுவது போல இருந்தது.

மே 24
பந்து வழுக்கி நேராக மட்டையாளனின் தலைக்குப் போனது. ஹெல்மெட் தெறித்து உருண்டது. அவன் மண்ணில் கிடந்தான். எவ்வளவு நேரம்? தெரியாது. பிறகு எழுந்தான், நடந்தான். இரண்டு அங்குலம் கீழே பட்டிருந்தால் கண்.
"கொல்லப் பாக்கிறியாடா?" என்று எதிரணிப் பக்கத்திலிருந்து கத்தினார்கள்.
யோர்மன் ஓடி வந்தான். "பெருசு, கையக் காட்டு."
"வேர்வைடா. வழுக்கிருச்சு."
"பல்லு கிட்டுற குளிர்ல வேர்வையா?"
காட்டவில்லை.

மே 25
மனைவி கொரின் போனில், "குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள்.
தூக்கமில்லை என்றேன்.
"பொய் சொல்லாத, வேட்."

மே 27
ஹாலிஸ் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கதவைச் சாத்தினால் வேலை போச்சு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.
"எதுக்குடா மூஞ்சி இப்படி வெளிறிக் கெடக்கு? நாளைக்குக் காலைல உனக்கு ஃப்ளைட். பெரிய லீக்ல உன்னைக் கேக்குறாங்க!"
கட்டிப்பிடித்தார். அவர் கண்தான் கலங்கியது. பதினைந்து வயதிலிருந்து நான் ஏங்கிய வார்த்தை. என் கண்ணில் உருளுகிற ஹெல்மெட் மட்டும்தான். இதே கையோடு அங்கே போய் — முடியுமா? யாருடைய முகத்தில் போய் விழும்?
கொரினிடம் சொன்னேன். சந்தோஷத்தில் கத்தினாள். பிறகு விரலைப் பற்றியும் சொன்னேன்.
"போகாதன்னு நான் சொல்ல மாட்டேன், வேட். சொன்னா ஆயுசுக்கும் நான்தான் தடுத்தேன்னு இருக்கும். போன்னும் சொல்ல மாட்டேன்."

மே 28
விமான நிலையத்துக்குக் கார் வந்து நின்றது. நான் ஹாலிஸின் கதவைத் தட்டி, விரலைப் பற்றிச் சொன்னேன்.
"எத்தன நாளா?"
"ரெண்டு வாரம்."
"அவன் தலைல பட்டப்பவும்?"
"ஆமா."
திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. பிறகு போனை எடுத்து என் இடத்துக்கு வேறொரு பெயரைச் சொன்னார். பெட்ரோஸ்கி. எனக்குப் பக்கத்து லாக்கர்.

மே 29
சொல்லித் தப்பு பண்ணிட்டேனா? தப்புதான். யாருக்குத் தெரியும்.

ஜூன் 19
எழுத்து கோணல். இடது கை.
முழங்கையில் அறுவைச் சிகிச்சை முடிந்து ஒன்பது நாள். தேற ஒரு வருடத்துக்கு மேல் ஆகுமாம். அதற்குப் பிறகு வீச முடியுமா என்றால் டாக்டர் ஜன்னலைப் பார்க்கிறார்.
மத்தியானம் டிவியில் பெரிய லீக் ஆட்டம். பெட்ரோஸ்கி வீச வந்தான். கொரின் டிவியை அணைக்கப் போனாள்.
"இருக்கட்டும். நல்லா வீசுறான்," என்றேன்.