ஓர் அங்குலம் குறைந்த கேரியர்

மார்ச் 3, செவ்வாய்

என் லோடு வண்டிக்கு இன்னும் மேல் கேரியர் வந்தபாடில்லை. எட்டு மாதமாக இவர் வாயில் ஒரே பதில்: "இந்த ஞாயித்துக்கிழமை பண்ணிடலாம்." ஊருக்கெல்லாம் இரும்புக் கேட்டும் கிராதியும் வெல்டிங் அடிக்கிற மனுஷனுக்கு, கட்டின பொண்டாட்டியின் வண்டிமேல் நாலு குழாயை ஒட்ட நேரமில்லையாம்.

பெயிண்டர் அண்ணன் கெடு வைத்துவிட்டார். "பதினாறாம் தேதி திங்கக்கிழமை புது வேலை ஆரம்பிக்கிறேம்மா. ஏணி ஒவ்வொண்ணும் பதினாறடி. மேல கேரியர் இருந்தா ஒரு வருஷத்துக்கு உன் வண்டிதான். இல்லேன்னா வேற வண்டி பாத்துக்கறேன், தப்பா நினைக்காதே."

தப்பா நினைக்க என்ன இருக்கிறது? என் வண்டியின் பாடி எட்டடிகூட இல்லை.

மார்ச் 6, வெள்ளி

கேட்டே விட்டேன். முடியுமா, முடியாதா? சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறார்: "நீ தினமும் வண்டியை எடுத்துக்கிட்டு ஊர் சுத்துறது எனக்குப் பிடிக்கல."

ஆக, நேரமில்லை என்றதெல்லாம் பொய். எட்டு மாசம்! பிடிக்கலேன்னு அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!

நானே செய்வேன். பதினாலு வருஷமாக இவருக்கு இரும்பைப் பிடித்துக் கொடுத்தவள். பிடித்த கைக்கு ஒட்டத் தெரியாதா?

மார்ச் 8, ஞாயிறு

தூறலில் நின்று அளந்தேன். சீட்டில் எழுதிக் குழாய்க் கடையில் கொடுத்தாயிற்று. அறுத்தே தருவார்கள்.

மார்ச் 11, புதன்

வயிறு எரிகிறது.

குழாய்கள் வந்தன. கேரியரின் நாலு காலையும் பாடியில் நிறுத்தி, குறுக்குக் குழாயை நடுவில் வைத்தால், ஓர் அங்குலம் குறைகிறது. ரெண்டு குழாயும். கடைக்காரன்மேல் பாயப் போனேன். அவன் என் சீட்டையே நீட்டினான். ஐம்பத்தொன்பது. என் கையெழுத்துதான்.

எங்கள் வீட்டு டேப்பின் தலை உடைந்து முதல் அங்குலமே கிடையாது. எதை அளந்தாலும் ஒன்றைக் கழிப்போம், பழகிப்போச்சு. போன மாதம் இவர் அதே மஞ்சள் நிறத்தில் புது டேப் வாங்கி, அதே ஆணியில் மாட்டியிருக்கிறார். நான் அறுபதை அளந்து, கைப்பழக்கத்தில் ஒன்றைக் கழித்திருக்கிறேன்.

"சொல்ல மறந்துட்டேன்," என்கிறார். சிரிப்பு வேறு! "அதான் சொன்னேன், உனக்கு எதுக்கு இந்த வேலை?"

புது டேப்பின் முனையில் கொக்கி இருந்ததைக்கூடப் பார்க்காத நான் ஒரு முட்டாள். அது வேற விஷயம். சிரிக்கலாமா?

மார்ச் 12, வியாழன்

பேசவில்லை. அவரும்தான். ரொம்ப நல்லது.

மார்ச் 14, சனி

ஒவ்வொரு குழாயின் ரெண்டு முனையிலும் அரை அங்குலக் கனத்தில் இரும்புப் பட்டை வைத்து ஒட்டினேன். முதல் ஒட்டிலேயே குழாய் பொத்தல். பின்னால் நின்றுகொண்டு, "மெஷின்ல கரண்டைக் குறை," என்றார். குறைத்தேன், சரியாக ஒட்டியது. அவர் சொன்னது சரியாக இருந்ததில் இன்னும் கடுப்பு.

மார்ச் 15, ஞாயிறு

பக்கத்து வீட்டு டெய்லர் அக்கா ஒரு பக்கம் தூக்க, காலுக்கடியில் ரப்பர் வைத்து எட்டு போல்ட்டையும் முடுக்கினேன். பிடித்து உலுக்கினால் வண்டி ஆடுகிறது, கேரியர் ஆடவில்லை. முழங்கை வரை தீப்பொறிக் கொப்புளம். இருக்கட்டும்.

மார்ச் 16, திங்கள்

வேலை கிடைத்தது. சந்தோஷப்பட விட்டால்தானே!

ஏணி ஏற்ற வந்த பெயிண்டர் அண்ணன் கேரியரைத் தட்டிப் பார்த்து இவரிடம் சொல்கிறார்: "உங்க கைன்னா கைதான் மேஸ்திரி!" இவர் பல் தேய்த்துக்கொண்டு தலையாட்டுகிறார்! "நான் இல்ல, அவ" — மூணே சொல். வாயிலேருந்து பிரஷை எடுத்துட்டுச் சொல்ல முடியாதா?

நான் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? அதுக்கும் சேர்த்து எரியுது.

மார்ச் 29, ஞாயிறு

காலையில் யாரோ ஒரு வண்டிக்காரர் வந்தார். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். "மேஸ்திரி, இந்தக் கேரியர் மாதிரி எனக்கும் ஒண்ணு பண்ணித் தருவீங்களா?" என்று வெளியே குரல். இந்தப் பேரையும் வாங்கிப் போட்டுக்கொள்வார் என்று பல்லைக் கடித்தேன்.

இவர் சொன்னார்: "அதை நான் செய்யலைங்க. எங்க வீட்ல செஞ்சாங்க. இருங்க, கூப்பிடுறேன்."

செஞ்சாங்க. இத்தனை வருஷத்தில் நான் இவர் வாயில் 'அவ', 'இவ'தான்.

கோபம் ஆறவில்லை. ஆறவும் போவதில்லை. புடவைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டு, அளவு கேட்க வாசலுக்குப் போனேன்.