கோப்பை வட்டம் விழுந்த மேசை

12.4.1981, ஞாயிறு இரவு

வாப்பா எனக்குச் சீதனமாத் தந்த இந்த ஊட்டுக்கு இவர் மாப்பிள்ளையா வந்து அஞ்சு வருஷம். சுவரில ஒரு ஆணி அடிக்கிறதெண்டாலும், "உங்கட ஊடு, உங்கட விருப்பம்" எண்டு ஒதுங்கிப் போற மனிசன்.

இண்டைக்கு, ஹோலில இருக்கிற செற்றிக் கதிரைக்கு ரெண்டு பக்கமும் வைக்கச் சின்ன மேசை எடுக்கக் கல்முனையில பழைய தளபாடக் கடைக்குப் போனோம். நான் கால் செதுக்கின வட்ட மேசைச் சோடியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டேன். இவர் மூலையில கிடந்த முதிரை மரத்து மேசை ரெண்டையும் இழுத்து, லாச்சித் தட்டை வெளிய இழுத்து உள்ள தள்ளிப் பார்த்து, சாரத்தாலயே தூசி துடைச்சார்.

"தேத்தண்ணிக் கோப்பை வெச்ச வட்டம் கிடக்கே மச்சான்."

"மேசையெண்டா கோப்பை வைக்கத்தானே!"

நான் விடல்ல. இவரும் விடல்ல. கடைசியில கடைக்காரரைப் பார்த்துச் சத்தமாவே சொன்னார்:

"எங்கட ஊட்டு ஹோலுக்கு இதுதான் சரி. ஏத்துங்க."

எங்கட ஊடு! அல்ஹம்துலில்லாஹ். பிடிச்சிருந்த வட்ட மேசையை விட்டுட்டேன். மேசை ஏத்தின மாட்டுக் கரத்தைக்குப் பின்னால, சிரிப்பை அடக்க முக்காட்டைக் கடிச்சுக்கொண்டு நடந்து வந்தேன்.

இப்ப குடிச்ச கோப்பையை அந்த மேசையிலயே வெச்சிட்டுப் படுத்துட்டார். விடியிறதுக்குள்ள அடியில இன்னொரு வட்டம் விழும். விழட்டும். நான் எடுக்கப் போறதில்ல.